தளத்தடுப்பு வேலை செய்கிறதா என்று பிங் அடித்துப் பார்ப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரின் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் ஈப்போ பக்கத்து வீடுகளிலும் டியூஷன் நிலையங்களிலும் ஆபாசத் தளம், சூதாட்டத் தளம் போன்றவற்றுக்குத் தடுப்பு போட்டுக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. போட்ட கையோடு பெற்றோர் பிங் அடித்துப் பார்த்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவார்கள். தடுப்பு சரியாக இருக்கும்போதே "ஓடலையே" என்று பதறுகிறவர்கள் உண்டு. எனக்குக் கவலை தருபவர்கள், தடுப்பே இல்லாதபோது "பிளாக் ஆயிடுச்சு" என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள். அவர்கள் கேட்டதை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் விண்டோஸை வைத்தே சொல்கிறேன். இங்கே பிள்ளைகளின் மேசையில் இருப்பது அதுதான்.

பிங்னா என்னண்ணே? அதை வச்சு எப்படிப் பிளாக்கைப் பார்க்கிறது?

எல்லாக் கணினியிலும் கூடவே வரும் சின்னக் கட்டளை அது. ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் இரண்டு வேலை செய்யும். முதலில் அந்தப் பெயருக்குரிய ஐபி எண்ணை, அதாவது இணையத்தில் அந்தத் தளத்தின் முகவரி எண்ணை, தேடி எடுக்கும். பெயருக்கு எண் சொல்லும் சேவைக்கு டிஎன்எஸ் என்று பெயர். பிறகு அந்த எண்ணுக்கு "இருக்கிறாயா" என்று ஒரு சிறு பொட்டலத்தை அனுப்பி, பதில் திரும்பி வர எத்தனை மில்லி விநாடி ஆனது என்று காட்டும். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் வலையமைப்புக் கோளாறு ஒன்றைக் கண்டுபிடிக்க எழுதிய நிரல் இது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான் பிறந்தது. தடுப்பைச் சோதிப்பது நாம் பின்னால் அதன் தலையில் கட்டிய வேலை.

வீடுகளில் போடும் தடுப்பு பெரும்பாலும் அந்த முதல் வேலையில்தான் கைவைக்கிறது. தளத்தின் பெயரைக் கேட்டால் உண்மை எண்ணைக் கொடுக்காமல் பொய் எண்ணைக் கொடுக்கும். பிங் அடித்தவுடன் வரும் முதல் வரியில், தளப் பெயருக்குப் பக்கத்திலேயே அந்த எண் தெரிந்துவிடும். நீங்கள் படிக்க வேண்டியது அந்த வரி. அதைத் தாண்டிப் போய் கீழே உள்ள பதில் வரிகளைப் படித்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

எங்க போய் அடிக்கணும் சார்? ஹேண்ட்போன்ல செய்யலாமா?

விண்டோஸில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, சிஎம்டி என்று ஆங்கிலத்தில் அடித்து எண்டர் தட்டினால் கறுப்புத் திரை வரும். அதில் பிங், ஓர் இடைவெளி, தளத்தின் பெயர், எண்டர். நான்கு முறை அனுப்பிவிட்டுத் தானே நின்றுவிடும். மேக்கிலும் லினக்ஸிலும் டெர்மினலில் அடிக்க வேண்டும். அங்கே தானாக நிற்காது, கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்துங்கள்.

பெயரை மட்டும் அடியுங்கள். முகவரிப் பட்டையிலிருந்து எச்டிடிபிஎஸ், சாய்கோடு எல்லாவற்றையும் சேர்த்துக் காப்பி எடுத்து ஒட்டினால் எந்தத் தளத்துக்கும் பிழைதான் வரும். அந்தப் பிழையைத் தடுப்பு என்று நம்பி எனக்கு அனுப்புகிறவர்கள் நிறைய. ஹேண்ட்போனில் பிங் கட்டளை வெளியே தெரியும்படி இருக்காது, அதற்கென்று இலவசச் செயலிகள் உண்டு. ஆனால் ஹேண்ட்போனுக்குத் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

"ரிப்ளை ஃப்ரம்"னு நாலு வரி வந்துடுச்சு. அப்போ பிளாக் ஆகலதானே?

எந்த எண்ணிலிருந்து பதில் வந்தது என்று பாருங்கள். 127.0.0.1 என்று இருந்தால் அது உங்கள் சொந்தக் கணினி. தடுப்பு அந்தத் தளத்தின் பெயரை உங்கள் கணினிக்கே திருப்பி விட்டிருக்கிறது, கணினியும் தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான்கு பதிலும் அழகாக வரும், ஆனால் தளம் தடுக்கப்பட்டிருக்கிறது. எனக்கு வருகிற பதற்ற அழைப்புகளில் மிகுதியானவை இதைப் பற்றித்தான்.

நேரத்தையும் பாருங்கள். 1 மில்லி விநாடிக்கும் குறைவாகப் பதில் வந்தால் அது உங்கள் வீட்டைத் தாண்டிப் போகவில்லை. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். கோலாலம்பூரிலிருந்து கலிபோர்னியா 13,000 கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்ப 130 மில்லி விநாடியாவது ஆகியே தீரும். பெரிய தளங்கள் இங்கேயும் சிங்கப்பூரிலும் சேவையகம் வைத்திருப்பதால் சில மில்லி விநாடியில் பதில் வரலாம், அது நியாயமானதுதான். ஆனால் 1-க்கும் கீழே என்றால் வாசற்படி தாண்டவில்லை.

எந்த நம்பர் வந்தா நல்லது, எந்த நம்பர் வந்தா ஆபத்து?

127.0.0.1 பற்றி மேலே சொல்லியாயிற்று. 0.0.0.0 என்பதும் தடுப்பின் அடையாளமே. வீட்டு வலையமைப்பு முழுவதற்கும் தடுப்பு போடும் பை-ஹோல் என்ற மென்பொருளைப் போட்டவர்களும், கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் குடும்ப வடிகட்டியான 1.1.1.3-ஐ (தவறான தளங்களுக்கு உண்மை எண்ணைத் தராத டிஎன்எஸ்) பயன்படுத்துகிறவர்களும் இதைப் பார்ப்பார்கள். இந்த எண் வரும்போது விண்டோஸ் பிழைச் செய்தி காட்டும். லினக்ஸில் சொந்தக் கணினியே பதில் சொல்லும். இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஓபன்டிஎன்எஸ் என்ற இன்னொரு சேவையின் வடிகட்டியில் 146.112.61 என்று தொடங்கும் எண் வந்தால் அது அவர்களுடைய தடைப் பக்கத்தின் முகவரி.

இவற்றில் எதுவும் இல்லாமல் முன்பின் தெரியாத எண் வந்தால், உடனே முடிவுக்கு வராதீர்கள். வடிகட்டியை நிறுத்திவிட்டு அதே பெயரை மறுபடி பிங் அடியுங்கள். இரண்டு தடவையும் ஒரே எண் என்றால் பெயர் அளவில் தடுப்பு நடக்கவில்லை. பெரிய தளங்கள் நேரத்துக்கு நேரம் எண்ணை மாற்றிக்கொள்ளும் என்பதால், மாறிய ஒரே காரணத்துக்காகத் தடுப்பு என்றும் சொல்லிவிட முடியாது.

"குட் நாட் ஃபைண்ட் ஹோஸ்ட்"னு வருது. இது நல்ல செய்தியா?

இருக்கலாம். சில வடிகட்டிகள் பொய் எண் கொடுப்பதற்குப் பதிலாக "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று சொல்லிவிடும். ஆனால் எழுத்துப்பிழை விட்டாலும், இன்டர்நெட் லைனே அறுந்திருந்தாலும் இதே செய்திதான். அதனால் எப்போதும் தடுக்காத ஒரு தளத்தையும் பக்கத்தில் வைத்து பிங் அடியுங்கள். அதற்கு எண் வந்து, இதற்கு மட்டும் வராமல் இருந்தால் சரி.

"ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்" நாலு தடவை வந்துச்சு தம்பி. கண்டிப்பா பிளாக்தான்!

இல்லை. நான் மிகவும் அஞ்சுவது இந்த நம்பிக்கையைத்தான். டைம்ட் அவுட் என்றால் எண் கிடைத்தது, பொட்டலமும் அனுப்பியாயிற்று, பதில் மட்டும் வரவில்லை என்று பொருள். உலகத்தில் எத்தனையோ தளங்கள் பாதுகாப்புக்காக பிங்குக்குப் பதிலே சொல்வதில்லை. வங்கித் தளங்கள் பலவும் அப்படித்தான், உலாவியில் மட்டும் நன்றாகத் திறக்கும். சூதாட்டத் தளமும் அதே மாதிரி பிங்குக்கு வாய்மூடி இருந்துவிட்டு, உங்கள் பையன் தட்டினால் திறந்துகொள்ளும்.

முதல் வரிக்குப் போங்கள். அங்கே தளத்தின் உண்மை எண் இருந்தால், டைம்ட் அவுட் உங்களுக்கு எதையுமே சொல்லவில்லை. டியூஷன் நிலையத்திலோ பள்ளிக் கணினி அறையிலோ எந்தத் தளத்தை பிங் அடித்தாலும் டைம்ட் அவுட் என்றால், அந்த வலையமைப்பில் பிங்கையே வெளியே விடவில்லை. அங்கேயும் முதல் வரி மட்டும்தான் பயன்படும்.

பிங் போகுது, உண்மையான நம்பர்தான் காட்டுது. ஆனா பிரவுசர்ல பிளாக்னு வருது. எது நிஜம்?

பிரவுசர் சொல்வதே நிஜம். ஒரே அடுக்ககத்துக்கு முன்வாசலும் குப்பை அள்ளும் பின்வாசலும் இருப்பதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். பிங் போவது ஐசிஎம்பி என்ற பின்வாசல். உலாவி போவது வேறு நெறிமுறையில், பெரும்பாலும் 443 என்ற எண் கொண்ட முன்வாசல். சில தடுப்பு மென்பொருள்கள் முன்வாசலில் மட்டும் காவல் நிற்கும். குரோமில் சேர்க்கும் நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்) அந்த உலாவிக்குள் மட்டுமே வேலை செய்யும். பிங் எதையும் அவை பார்ப்பதே இல்லை. இந்த வகைத் தடுப்பை பிங் வைத்துச் சோதிக்கவே முடியாது. மென்பொருளைக் குறை சொல்ல வேண்டாம், காசைத் திருப்பிக் கேட்கவும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நீட்சி குரோமில் இருந்தால் எட்ஜிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் தனித்தனியே திறந்து பாருங்கள். பிள்ளைகள் முதலில் கண்டுபிடிக்கிற சந்து அதுதான்.

எனக்கு அப்படியே தலைகீழ். பிங்ல 0.0.0.0 காட்டுது, பிரவுசர்ல ஜாலியா திறக்குது!

சாதாரணக் காரணத்திலிருந்து தொடங்குவோம். கணினியும் உலாவியும் பழைய எண்ணைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். உலாவியின் எல்லாச் சாளரங்களையும் மூடுங்கள். கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக், இடைவெளி, சாய்கோடு, ஒட்டி ஃபிளஷ்டிஎன்எஸ் என்று அடித்து எண்டர் தட்டுங்கள். பிறகு திறந்து பாருங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்தாலும் போதும்.

அதற்கும் அடங்காவிட்டால் குரோமில் செக்யூர் டிஎன்எஸ், ஃபயர்ஃபாக்ஸில் டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ் என்ற அமைப்புகளைப் பாருங்கள். அதில் வேறொரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால், உலாவி உங்கள் ரவுட்டரிடம் பெயரைக் கேட்காது. நேராக வெளியே, பூட்டிய உறைக்குள் வைத்துக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பிங் மட்டும் ஒழுங்காக ரவுட்டரிடம் கேட்டு 0.0.0.0 வாங்கி வரும். அந்த அமைப்பை அணைத்து வையுங்கள். இணைப்பை வேறொரு சேவையகம் வழியாகத் திருப்பிவிடும் இலவச விபிஎன் நீட்சி ஏதாவது உலாவியில் உட்கார்ந்திருந்தாலும் இதே கதைதான்.

ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல எழுதிட்டேன். பிங் பழைய நம்பரையே காட்டுது, ஏன்?

ஹோஸ்ட்ஸ் என்பது எந்தப் பெயருக்கு எந்த எண் என்று கணினிக்குள்ளேயே எழுதி வைக்கும் கோப்பு. பெரும்பாலும் கோப்பின் பெயர்தான் காரணம். நோட்பேட் அதை டிஎக்ஸ்டி என்ற வாலோடு சேமித்துவிடும். விண்டோஸ் வால் இல்லாத ஹோஸ்ட்ஸ் கோப்பை மட்டுமே படிக்கும். கோப்புறைக் காட்சியில் நீட்டிப்புகளைக் காட்டச் சொல்லிவிட்டுப் பாருங்கள், வால் இருந்தால் தெரிந்துவிடும். எழுதிய வரியின் தொடக்கத்தில் வேலிக்குறி (#) இருந்தாலும் அந்த வரி செல்லாது. நோட்பேடை நிர்வாகியாகத் திறக்காமல் எழுதினால் சேமிப்பே நடக்காது.

இன்னொன்று, அந்தக் கோப்பு எழுதிய பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்ளும். தளத்தின் பெயரை மட்டும் எழுதினால், முன்னால் டபிள்யூ மூன்று சேர்ந்த பெயர் தடுக்கப்படாது. முன்னால் எம் சேர்ந்த கைப்பேசிப் பதிப்பும் தனிப் பெயர். எல்லாவற்றையும் எழுதி, எல்லாவற்றையும் தனித்தனியே பிங் அடியுங்கள்.

என்எஸ்லுக்அப் அடிச்சா உண்மையான நம்பர் வருது, பிங் அடிச்சா 127.0.0.1. எதை நம்புறது?

இரண்டும் உண்மையே பேசுகின்றன. என்எஸ்லுக்அப் என்பது பெயருக்குரிய எண்ணை மட்டும் கேட்டுச் சொல்லும் இன்னொரு கட்டளை. அது ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காது, நேராக டிஎன்எஸ் சேவையகத்திடம் போய்க் கேட்கும். பிங் முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்கும். ஆகவே உங்கள் கணினியில் மட்டும் தடுப்பு இருக்கிறது, ரவுட்டரில் இல்லை என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். அந்தக் கணினியில் தளம் திறக்காது, அக்காவின் டேப்லெட்டில் திறக்கும். இப்படி இரண்டையும் அடுத்தடுத்து அடித்துப் பார்ப்பதை நான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறேன், தடுப்பு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை இதைவிடச் சுலபமாகக் காட்டும் வழி இல்லை.

1.1.1.3-ஐயே பிங் அடிச்சேன், ரிப்ளை வருது. அப்போ வடிகட்டி ஓடுதுன்னு அர்த்தம்தானே?

அந்தச் சேவையகம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் கணினி அதனிடம் பெயர் கேட்கிறதா என்பது வேறு விஷயம். வடிகட்டியே போடாத வீட்டிலிருந்தும் அந்த எண் பதில் சொல்லும். தளத்தின் பெயரைக் கொடுத்து பிங் அடித்தால்தான் சோதனை.

அதுக்குன்னு ஆபாசத் தளத்தோட பேரையா பிள்ளைங்க முன்னாடி அடிக்கிறது?

வேண்டாம். கிளவுட்ஃப்ளேர் சோதனைக்கென்றே பாதிப்பில்லாத பெயர்களை வைத்திருக்கிறது: நியூடிட்டி.டெஸ்ட்கேட்டகரி.காம், மால்வேர்.டெஸ்ட்கேட்டகரி.காம். 1.1.1.3 சரியாக ஓடினால் இரண்டுக்கும் 0.0.0.0 வரும். ஓபன்டிஎன்எஸ்ஸில் எக்ஸாம்பிள்அடல்ட்சைட்.காம் என்ற பெயர் இதற்காகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் அடியுங்கள்.

நான் எந்த மென்பொருளும் போடலை. ஒரு சூதாட்டத் தளத்துக்கு 175.139.142.25 வருது. யார் பிளாக் பண்ணினது?

அரசாங்கம். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் உத்தரவுப்படி தடுக்கப்பட்ட தளங்களுக்கு, இங்குள்ள இணைய நிறுவனங்களின் டிஎன்எஸ் இந்த எண்ணைத் தருவது பல ஆண்டுகளாகப் பதிவாகியிருக்கிறது. அந்த எண்ணில் இருப்பது தடை அறிவிப்புப் பக்கம்.

இதில் பெற்றோருக்கு ஒரு கண்ணி இருக்கிறது. நீங்கள் வாங்கிய மென்பொருள் செத்துக் கிடந்தாலும், அரசு தடுத்த தளத்தை வைத்துச் சோதித்தால் "ஓடுகிறது" என்றே தோன்றும். பையன் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ்) என்று மாற்றிய நிமிடம் அந்தத் தடையும் போய்விடும். 2024 செப்டம்பரில் இப்படி வெளி டிஎன்எஸ்ஸுக்குப் போகும் கேள்விகளையும் உள்ளூர் நிறுவனங்களுக்கே திருப்பிவிட ஆணையம் முயன்றது. எதிர்ப்பு எழுந்ததும் தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அதைத் தொடர வேண்டாம் என்று சொல்லி நிறுத்தினார். ஆகவே வீட்டுத் தடுப்பைச் சோதிக்க, மேலே சொன்ன சோதனைப் பெயர்களையே எடுங்கள்.

ரவுட்டர்ல 1.1.1.3, 1.0.0.3 ரெண்டும் போட்டாச்சு. சில நேரம் 0.0.0.0, சில நேரம் உண்மையான நம்பர். பேய் பிடிச்ச மாதிரி இருக்கு.

அந்த உண்மை எண் புள்ளிகளுக்குப் பதில் முக்காற்புள்ளிகளோடு நீளமாக இருக்கிறதா? அப்படியென்றால் அது ஐபிவி6 என்ற புதிய வகை எண். புள்ளிகளோடு வருவது பழைய ஐபிவி4. உங்கள் ரவுட்டர் ஐபிவி4 வழிக்கு நீங்கள் போட்ட வடிகட்டியைத் தருகிறது. ஐபிவி6 வழிக்கு இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸையே கணினிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. கணினி எந்த வழியில் கேட்கிறதோ அதற்கேற்பப் பதில் மாறும். பிங்குக்குப் பிறகு கழித்தல்குறியோடு 4 சேர்த்து ஒரு தடவை, 6 சேர்த்து ஒரு தடவை அடித்தால் இரண்டு வகை எண்ணையும் பிரித்துப் பார்க்கலாம். ரவுட்டரில் ஐபிவி6 டிஎன்எஸ் கட்டத்திலும் வடிகட்டியின் எண்ணைப் போடுங்கள். அந்தக் கட்டமே இல்லாத ரவுட்டர் என்றால் ஐபிவி6-ஐ அணைத்துவிடுங்கள். முதன்மை டிஎன்எஸ்ஸில் வடிகட்டியும் இரண்டாவதில் 8.8.8.8-உம் போட்டிருந்தாலும் இதே ஊசலாட்டம் வரும்.

டிக்டாக் தளம் பிங்ல பிளாக். ஆனா ஆப் ஓடிக்கிட்டே இருக்கே?

செயலி அந்த ஒரு பெயரை நம்பி இருப்பதில்லை. காணொளிகள் டிக்டாக்சிடிஎன், டிக்டாக்வி போன்ற வேறு பெயர்களிலிருந்து வருகின்றன. நீங்கள் தடுத்தது முகப்புப் பெயரை மட்டும். செயலிகளை நிறுத்த வேண்டுமானால் பெயரைத் துரத்தாமல், ஹேண்ட்போனில் உள்ள பெற்றோர் கட்டுப்பாட்டில் செயலியையே பூட்டுவதுதான் சரி.

வீட்டுல பிளாக் ஆகுது, மாமாக் கடை வைஃபைல திறக்குதாம். எப்படி?

ரவுட்டரில் போட்ட தடுப்பு ரவுட்டரோடு வீட்டிலேயே இருந்துவிடும். மாமாக் கடை வைஃபைக்கும், ப்ரீபெய்ட் சிம்மில் டாப்-அப் போட்ட டேட்டாவுக்கும் அது தெரியாது. ஹேண்ட்போனில் பிங் அடித்துச் சோதிக்கும்போது நான் முன்பு சொன்ன தனிச் சிக்கல் இதுதான். வைஃபையில் ஒரு தடவை, வைஃபையை அணைத்து டேட்டாவில் ஒரு தடவை அடியுங்கள்.

ஆண்ட்ராய்டு 9 முதல் பிரைவேட் டிஎன்எஸ் என்ற அமைப்பு இருக்கிறது. அதில் ஃபேமிலி.கிளவுட்ஃப்ளேர்-டிஎன்எஸ்.காம் என்று ஆங்கிலத்தில் போட்டுவிட்டால் வடிகட்டி ஹேண்ட்போனோடு எங்கும் போகும்.

கூகுள் தேடல்ல அசிங்கப் படம் வராம பூட்டினேன். அதையும் பிங்ல பார்க்கலாமா?

பார்க்கலாம், பிங் மிக அழகாகப் பொருந்தும் இடம் இது. டிஎன்எஸ் வழியாகப் பாதுகாப்புத் தேடலைப் பூட்டியிருந்தால், டபிள்யூ மூன்றும் சேர்த்து கூகுள்.காம் என்று பிங் அடிக்கும்போது 216.239.38.120 வர வேண்டும். அந்த எண்ணைக் கூகுளே இதற்காக ஒதுக்கியிருக்கிறது. யூடியூபின் கடுமையான கட்டுப்பாட்டுக்கும் அதே எண்தான். கூகுள்.காம்.மை என்ற நம் நாட்டுப் பெயரையும் மறக்காமல் அடியுங்கள். அதை விட்டுவிட்ட வீடுகள் பல. இங்கே தடுப்பு இருந்தும் உண்மையான பதில், உண்மையான நேரத்தோடு வரும். எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

படிவம் நாலு படிக்கிற பையன் டிஎன்எஸ்ஸையே மாத்திடுறான் அண்ணே. அதையும் முன்கூட்டியே சோதிக்க வழி இருக்கா?

இருக்கிறது. முதலில் அவன் கணினிக் கணக்கு நிர்வாகிக் கணக்காக இருக்கக்கூடாது. இருந்தால் டிஎன்எஸ்ஸையும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் அவன் நினைத்தபடி மாற்றலாம். நிர்வாகிக் கடவுச்சொல் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். ரவுட்டரின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள், பல வீடுகளில் அது ரவுட்டரின் அடியில் ஒட்டிய சீட்டிலேயே இருக்கிறது.

அடுத்து ரவுட்டரின் ஃபயர்வாலில், வடிகட்டியின் எண்களைத் தவிர வேறு எங்கும் 53, 853 ஆகிய போர்ட்டுகள் (டிஎன்எஸ் கேள்விகள் போகும் வாசல் எண்கள்) வழியாக வெளியே போகாதபடி அடையுங்கள். அடைத்தபின் அவன் கணினியில் என்எஸ்லுக்அப், இடைவெளி, சோதனைப் பெயர், இடைவெளி, 8.8.8.8 என்று அடியுங்கள். பதில் வராமல் நின்றாலோ 0.0.0.0 வந்தாலோ அந்த வழி அடைபட்டது. வேறு எண் வந்தால் ஃபயர்வால் விதி இன்னும் பிடிக்கவில்லை. உலாவிக்குள் இருக்கும் செக்யூர் டிஎன்எஸ் 443 வழியாகப் போவதால் இந்த விதியில் மாட்டாது. அதற்கு மேலே சொன்னபடி ஒவ்வோர் உலாவியையும் திறந்து, அதே சோதனைப் பெயரை முகவரிப் பட்டையில் அடித்துத்தான் பார்க்க வேண்டும்.